போட்ஸ்டாம் நகரத்துப் பந்தாட்ட மகளிர்

ஜெர்மனியின் தலைநகராகிய பெர்லினுக்குத் தென்மேற்கே, ஹாவெல் ஆற்றங்கரையில், போட்ஸ்டாம் என்னும் நகரம் அமைந்துள்ளது. பிரஷிய மன்னர் இரண்டாம் பிரெடரிக் எழுப்பிய சான்சூசி அரண்மனையையும், 1945ஆம் ஆண்டில் வல்லரசுத் தலைவர்கள் கூடிப் பேசிய மாளிகையையும் காண மக்கள் அங்குத் திரள்வர். அந்நகரின் பெயரை ஐரோப்பா எங்கும் பரப்பிய மற்றொன்றும் உண்டு. அது மன்னர் எடுப்பித்ததன்று. அறிவிப்புப் பலகையில் ஒட்டிய ஒரு தாளில் தொடங்கியது.

போட்ஸ்டாம் அப்பொழுது கிழக்கு ஜெர்மனிக்கு உட்பட்டிருந்தது. அந்நகருக்கு மின்சாரம் வழங்கிய அரசு நிறுவனத்தில், 1970ஆம் ஆண்டு முடிந்து 1971 பிறக்கும் வேளையில், மகளிர் கால்பந்துக் குழு ஒன்று அமைக்கப்படவிருப்பதாகவும் விரும்புவோர் பெயர் தரலாம் என்றும் ஓர் அறிவிப்புக் காணப்பட்டது. அதனை வேடிக்கை என்று எண்ணியோரும் இருந்திருப்பர். ஆயினும் பெண்கள் பெயர் கொடுத்தனர். 1971 மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள் குழு தோன்றியது. அந்நிறுவனத்தில் பணிபுரிந்தவரும், தாமே கோல் காவலராக ஆடிப் பழகியவருமாகிய பெர்ண்ட் ஷ்ரோடர் என்பார் பயிற்சிப் பொறுப்பை ஏற்றார். இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, 2016 வரையில் அப்பொறுப்பு அவரிடமே இருந்தது.

குழுவின் பெயர் 'டர்பைன் போட்ஸ்டாம்' என்பதாகும். நீரின் விசையாலோ நீராவியின் விசையாலோ சுழன்று மின்சாரம் பிறக்கத் துணை செய்யும் பொறியே டர்பைன். தமிழில் அதனைச் சுழலி என்பர். கிழக்கு ஜெர்மனியில் விளையாட்டுக் குழுக்களுக்குத் தொழிலை ஒட்டிப் பெயரிடுவது வழக்கம். இருப்புப்பாதைத் தொழிலாளர் குழு 'லோகோமோட்டிவ்' எனப்படும். உழவுத் தொழிலார் குழு 'டிராக்டர்' எனப்படும். மின்சாரத் தொழிலார்க்குச் சுழலி வாய்த்தது. பொருத்தமான பெயர்தான்.

அக்காலத்தில் மகளிர் பந்தாடுவது பற்றி ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் நிலவிய கருத்தை இன்று படிப்போர் வியப்படையாமல் இருத்தல் அரிது. 1955ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ஜெர்மன் கால்பந்துச் சங்கம் மகளிர் ஆட்டத்தைத் தடை செய்தது. பந்துக்காகப் போராடுங்கால் பெண்மையின் அழகு மறையும், உடலும் உள்ளமும் கேடுறும், நாணத்திற்கும் இழுக்கு நேரும் என்பன சொல்லப்பட்ட காரணங்கள். சங்கத்தைச் சேர்ந்த எந்தக் கழகமும் மகளிர்க்குத் திடல் தருதல் கூடாது; நடுவரும் சென்று உதவுதல் கூடாது. ஆடுகின்ற பெண்களின் உடலும் உள்ளமும் கேடுற்றனவா என்று அவர்களையே கேட்டறிய எவரும் முன்வந்திலர். ஆயினும் பெண்கள் ஆடியே வந்தனர். மறு ஆண்டிலேயே எசன் நகரில் நெதர்லாந்துப் பெண்களை எதிர்த்து ஆடினர். அதனைக் காணப் பல்லாயிரவர் கூடினர். தடை நீங்கியது 1970 அக்டோபர்த் திங்கள் இறுதியில்தான். அப்பொழுதும் நிபந்தனைகள் குறைவில்லை: ஆட்ட நேரம் குறுக்கப்பட்டது, பந்து சிறிதாயிற்று, அடியில் குமிழ் பதித்த காலணி கூடாது எனப்பட்டது. கதவைத் திறந்துவிட்டு வாயிற்படியை உயர்த்தி வைத்தது போன்றது அச்செயல்.

கிழக்கிலோ தடை இல்லை, ஆதரவும் இல்லை. அவ்வரசு விளையாட்டுக்கு வாரி வழங்கியது உண்மை. ஆனால் ஒலிம்பிக் பதக்கம் தரும் விளையாட்டுகளுக்கே வழங்கியது. மகளிர் கால்பந்து ஒலிம்பிக்கில் இடம் பெற்றது 1996இல்தான். ஆதலின் போட்ஸ்டாம் பெண்கள் பகலில் தொழில் செய்து, மாலையில் பந்து பயின்றனர். 1981 முதல் 1989 வரையில் ஆறு முறை நாட்டின் முதலிடத்தைப் பெற்றனர். கிழக்கு ஜெர்மனியின் மகளிர் அணி பிற நாட்டு அணியோடு ஆடியது தன் வாழ்நாளில் ஒரே ஒருமுறை. 1990 மே 9ஆம் நாள், போட்ஸ்டாமைச் சேர்ந்த பாபெல்ஸ்பெர்க்கில், செக்கோஸ்லோவாக்கியாவிடம் மூன்று கோல் கணக்கில் அது தோற்றது. அவ்வாண்டு அக்டோபரில் அந்நாடே இல்லாமற்போயிற்று. மேற்கு ஜெர்மன் மகளிர்க்கு மட்டும் பெரும்பரிசு காத்திருந்தது என்று எண்ணுதல் வேண்டா. 1989இல் ஐரோப்பிய வாகை சூடியபொழுது, சங்கம் அவர்களுக்கு அளித்த பரிசு காப்பிக் கோப்பைகளும் தட்டுகளும்!

நாடு ஒன்றுபட்ட பின்னர், 1994இல், போட்ஸ்டாம் குழு புண்டஸ்லிகா என்னும் முதற்பிரிவில் நுழைந்தது. 1999இல் மகளிர் கால்பந்து ஒன்றிற்கே உரிய தனிக் கழகமாயிற்று. அடுத்துத் தொடங்கியது அதன் பொற்காலம். 2004, 2006 ஆகிய ஆண்டுகளிலும், பின்னர் 2009 முதல் 2012 வரை இடைவிடாமல் நான்கு ஆண்டுகளிலும், நாட்டின் வாகைப் பட்டம் அதனுடையதாயிற்று. 2005இல் ஐரோப்பியக் கோப்பையும் கைவந்தது. 2007 உலகக்கோப்பைப் போட்டியில் ஜெர்மனியின் கோல் காவலராக நின்ற நாடினே அங்கெரர் ஒரு கோலும் புகவிடவில்லை. அவர் அப்பொழுது போட்ஸ்டாம் கழகத்தவர்.

எல்லாவற்றினும் சிறந்தது 2010 மே 20ஆம் நாள் நிகழ்ந்த ஆட்டம். ஸ்பெயின் நாட்டு கெட்டாஃபேயில் ஐரோப்பியக் கோப்பைக்கான இறுதிப் போட்டி. எதிரே பிரான்சு நாட்டு லியோன் கழகம். உரிய நேரத்திலும் கூடுதல் நேரத்திலும் இரு பக்கமும் கோல் விழவில்லை. தண்ட உதைகளால் முடிவு காண வேண்டியதாயிற்று. போட்ஸ்டாம் அணியின் கோல் காவலர் அன்னா ஃபெலிசிட்டாஸ் சார்ஹோல்ஸ், அகவை பதினேழு. பள்ளி மாணவியர் பருவத்தினளாகிய அவள் எதிரிகளின் உதைகளைத் தடுத்ததோடு நில்லாமல், தன் முறை வந்தபொழுது தானே முன்சென்று ஓர் உதையை வலைக்குள் செலுத்தினாள். ஏழுக்கு ஆறு என்ற கணக்கில் கோப்பை போட்ஸ்டாமுக்கு வந்தது.

இக்கழகம் இன்று எந்நிலையில் உள்ளது? 2023இல் முதற்பிரிவிலிருந்து இறங்கியது, 2024இல் ஏறியது, 2025இல் மீண்டும் இறங்கியது. இதற்கு ஆட்டத்திறக் குறைவு மட்டும் காரணமன்று. மகளிர் ஆட்டத்துக்குக் கூட்டமும் புகழும் சேர்ந்த பின்னர், ஆடவர் கால்பந்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய கழகங்கள் இதிலும் பொருளைச் சொரிந்தன. 2013 முதல் 2025 வரை வாகைப் பட்டம் வோல்ஃப்ஸ்பர்க், பயர்ன் மியூனிக் என்னும் இரு கழகங்களை விட்டு நீங்கவில்லை. வோல்ஃப்ஸ்பர்க்கின் பின்னே ஃபோக்ஸ்வாகன் கார்த் தொழிற்சாலை நிற்கிறது. தனிக் கழகங்கள் என் செய்யும்? 2009இல் ஐரோப்பியக் கோப்பை வென்ற டூயிஸ்பர்க் மகளிர் கழகம் 2013இல் கடன் தீர்க்க இயலாது நொடித்து, அந்நகரத்து ஆடவர் கழகத்துள் அடங்கியது. நான்கு முறை ஐரோப்பாவை வென்ற ஃபிராங்ஃபர்ட் மகளிர் கழகமும் 2020இல் ஐன்டிராக்ட் கழகத்தோடு இணைந்தது. போட்ஸ்டாம், அதே ஆண்டில், பெர்லினின் ஹெர்த்தா கழகத்தோடு துணை உடன்பாடு செய்துகொண்டது. அவ்வுடன்பாடு 2023க்கு மேல் நிலைக்கவில்லை.

இதில் வருந்த என்ன உண்டு என்று வினவுவோர் உளர். ஆடும் பெண்களுக்கு நல்லூதியம் கிடைக்கிறது. சிறந்த மருத்துவரும் பயிற்சித் திடலும் கிடைக்கின்றன. யார் தந்தால் என்ன என்பர். அவர் கூற்றில் உண்மை இருக்கிறது. ஆடும் பருவமோ சில ஆண்டுகளே. அதனுள் மிகுந்த ஊதியம் தருமிடத்துக்கு ஒருத்தி செல்வாளாயின், அவளைக் குறை கூறுதல் முறையன்று. போட்ஸ்டாம் குழுவும் ஒரு நிறுவனத்தின் மடியில் பிறந்ததே என்பதையும் மறைக்கலாகாது.

எனினும் ஒன்று கருதத்தக்கது. தனிக் கழகத்தில் மகளிர் அணியே முதல் அணி. பெருங்கழகத்தில் அது இரண்டாவது. ஆடவர் அணி தோற்றுக் கீழிறங்கி வருவாய் குன்றுமாயின், சிக்கனம் எவ்வணியிடத்தில் முதலில் தொடங்கும் என்பதை ஊகித்தல் அரிதன்று. ஆலமரத்தடியில் நட்ட செடிக்கு வெயிலின் கொடுமை இல்லை, வெயிலும் இல்லை. மேலும், பெருங்கழகங்கள் மகளிர் ஆட்டத்தைப் பொருட்படுத்தாத காலத்தில் அதனை உயிரோடு காத்தவை இச்சிறு கழகங்கள். விதைத்தவர் வரப்பில் நிற்க, விளைந்த பின் வந்தவர் களத்தில் நிற்கின்றனர்.

ஆதலின், வலியது பிழைக்கட்டும் என்று கைகட்டி நிற்கும் உரிமை பிற எவர்க்கு இருப்பினும் ஜெர்மன் கால்பந்துச் சங்கத்துக்கு இல்லை. பதினைந்து ஆண்டுகள் திடலை அடைத்து வைத்த சங்கம் அது. போட்ஸ்டாம் அத்தடையின் எல்லைக்கு அப்பால் இருந்தது என்று விடை கூறலாம். ஆனால் 1990இல் கிழக்கின் கால்பந்தாட்டம் முழுவதும் அச்சங்கத்தின் ஆட்சிக்குள் வந்தது. சொத்தை ஏற்றவரே கடனையும் ஏற்பது உலக வழக்கு. மகளிர் ஆட்டத்தால் வரும் ஒளிபரப்பு வருவாயில் ஒரு பங்கைத் தனிக் கழகங்களின் இளம்பெண் பயிற்சிக்கென ஒதுக்குதல் சங்கத்தால் இயலாததன்று. அதனைக் கொடை என்று பெயரிட்டு வழங்குதலும் வேண்டா. அடைத்து வைத்த ஆண்டுகளுக்கு ஈடாக, பதினைந்து ஆண்டுகளுக்கேனும் அப்பங்கு செல்லட்டும்.