நிறம் பொருந்தாவிட்டால் என்ன?

காலண்டர், தீப்பெட்டி லேபிள், மத்தாப்பு என்று நிறங்களாலேயே பிழைக்கும் ஊர் சிவகாசி. இங்கே வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைப்பவருக்கும் முதல் கவலை நிறம்தான்: ஆரஞ்சு கோமாளி மீனுடன் கறுப்பைச் சேர்க்கலாமா? தாராளமாக. ஆஸ்திரேலியாவின் டார்வின் பகுதிக் கறுப்பும் நமக்குப் பழகிய ஆரஞ்சும் ஒரே ஆசெல்லாரிஸ் இனம். பார்க்க வேண்டியது அளவைத்தான். குஞ்சுகள் முதலில் ஆணாகவே முதிர்கின்றன. ஜோடியில் பெரியது பெண்ணாக மாறும், பிறகு திரும்பாது. வளர்ந்த இரு பெண்களைச் சேர்த்தால் சாவு வரை சண்டைதான். பெரியதொன்று, சிறியதொன்று எடுங்கள்; முரட்டு மெரூன் இனம் வேண்டாம். மண்டபம் ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கிறது. எனவே பவளப்பாறையில் பிடித்ததை விட்டுவிட்டு, பண்ணையில் பிறந்த மீனையே கேட்டு வாங்குங்கள்.