ரேவாவைக் கொன்றது பேட்டரி அல்ல

மின்சாரக் கார் என்றாலே எல்லோரும் டெஸ்லா, டெஸ்லா என்று ஜபம் செய்கிறார்கள். டெஸ்லா தன் முதல் காரை விற்றது 2008-ல். அதற்கு ஏழு வருடம் முன்பே, 2001-ல், பெங்களூரில் சேதன் மைனியின் ரேவா ரோட்டில் ஓடியது. இரண்டு கதவு, குட்டி உருவம், வீட்டு பிளக்கிலேயே சார்ஜ், ஒரு சார்ஜுக்கு சுமார் 80 கி.மீ. லண்டனில்கூட ஜி-விஸ் என்ற பெயரில் விற்றது.

எங்கள் ஊர்க் கணக்கு போடுவோமா? ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் 55 கி.மீ. சுவாமி தரிசனம் முடிவதற்குள் திரும்பி வரத் தேவையான சார்ஜ் ஏறிவிடும். வெயிலுக்கும் பஞ்சமில்லை, கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016-லேயே வந்துவிட்டது. இந்தச் சீமைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி கார்!

பிறகு என்ன ஆனது? 2010-ல் மகிந்திரா ரேவாவை வாங்கியது. 2013-ல் லித்தியம் பேட்டரியோடு இ2ஓ வந்தது. அடுத்த சில வருடங்களில் மைனி தலைமையை விட்டு விலகி, 2017-ல் பேட்டரி மாற்றும் தொழிலுக்குப் போய்விட்டார். அவர் நாற்காலியில் அரவிந்த் மேத்யூ, பிறகு மகேஷ் பாபு. 2021-ல் அவரும் வெளியேறினார். இதற்கிடையில் ரேவா என்ற பெயர் போனது. 2019-ல் அந்தக் குட்டிக் கார் வரிசையே நின்றது. 2023-ல் வந்த எக்ஸ்யூவி400-ன் ஆரம்ப விலை 15.99 லட்சம்! நல்ல கார்தான், மறுக்கவில்லை. ஆனால் ரேவா யாருக்காகப் பிறந்ததோ அவருக்கான கார் அல்ல.

"ரேவாவில் பாதுகாப்பு இல்லை, விலையும் அதிகம், சந்தை இல்லை" என்பார்கள். முதல் இரண்டும் உண்மை. ஆனால் அவை திருத்தக்கூடிய குறைகள். சந்தை இல்லை என்பதைத்தான் ஏற்க முடியாது. அப்படியென்றால் 2023-ல் எம்.ஜி. நிறுவனம் அதே இரண்டு கதவு குட்டி மின்கார் காமெட்டை எந்தத் தைரியத்தில் இறக்கியது?

தலைவர் மாறுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. டெஸ்லாவிலும் 2007 ஆகஸ்டிலிருந்து 2008 அக்டோபருக்குள் எபர்ஹார்ட், மார்க்ஸ், ட்ரோரி, மஸ்க் என்று நாலு பேர் அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டார்கள். ஆனால் முதலில் விலை உயர்ந்த கார், அந்த லாபத்தில் அடுத்தடுத்து மலிவான கார் என்ற திட்டம் 2006-லேயே ஊரறிய எழுதப்பட்டிருந்தது. ஆள் மாறினார், திட்டம் நின்றது. அதை எழுதிய மஸ்க்கும் கடைசிவரை உள்ளேயே இருந்தார்.

இங்கே நடந்தது தலைகீழ். கனவு ஒரு மனிதரின் தலைக்குள் இருந்தது; அவர் போனதும் அதுவும் கிளம்பிவிட்டது. கம்பெனியை வாங்கியவர்களுக்குத் தொழிற்சாலை கிடைத்தது, தொழில்நுட்பம் கிடைத்தது. எதற்காக இந்தக் கார் என்ற கேள்விக்கான பதிலை மட்டும் யாரும் கேட்டு வாங்கவில்லை.

ஸ்டார்ட்-அப் தொடங்கத் துடிக்கும் நண்பர்களே, முதலீட்டாளரிடம் கையெழுத்துப் போடும் முன், யாருக்காக இந்தப் பொருள் என்பதை ஒரே ஒரு வரியில் அந்தப் பத்திரத்திலேயே எழுதி வையுங்கள். நாளை உங்களை வெளியே அனுப்பினாலும் அந்த வரியாவது உள்ளே இருக்கட்டும்.