கம்பும் காலடியும்

தற்காப்புக் கலை என்றவுடன் நம் மாணவியர்க்கு நினைவில் எழுவது கராத்தே ஒன்றே. ஒகினாவாத் தீவில் வளர்ந்த அக்கலை உயர்ந்ததே. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றது. ஆயினும், கூடுவாஞ்சேரியிலிருந்து நாள்தோறும் மின்சார ரயிலில் கல்லூரிக்கு வரும் எனக்கு வேண்டியது பதக்கமன்று. இருட்டிய பின் நிலையத்திலிருந்து வீடுவரை அஞ்சாமல் நடக்க வேண்டும், அவ்வளவே.

மூன்று மாதம் ஒரு கராத்தே வகுப்புக்குச் சென்றேன். காற்றைக் குத்தினோம், பட்டையின் நிறம் மாறிற்று, கட்டணமும் ஏறிற்று. ஒருவன் கையைப் பிடித்தால் விடுவிப்பது எப்படி என்று கேட்டேன். அது அடுத்த பட்டைக்குரிய பாடமாம்!

பின்னர் நந்திவரம் ஏரிப் பக்கம் சிலம்பம் பயிற்றும் பெரியவர் ஒருவரிடம் சேர்ந்தேன். பல நாள் அவர் கம்பையே தொடவிடவில்லை. காலடி, மீண்டும் காலடி. நான் முணுமுணுத்தபோது, "கம்பை ரயில்லயா தூக்கிட்டுப் போவே, பாப்பா? காலு கூடவே வருமே" என்றார். பிறகுதான் வெறுங்கையால் செய்யும் குத்துவரிசையும் கைவிடுவிப்பும் வந்தன. விலகவும் ஓடவும் தெரிந்தவளுக்கே அடிக்கவும் தெரியும் என்பது அவர் கட்சி. இப்போது என் கட்சியும் அதுவே. 1882இல் ஜப்பானில் கானோ வகுத்த ஜூடோவிலும் முதற்பாடம் அடிபடாமல் விழுவதுதானே? குமரி மாவட்டத்து வர்மக்கலையோ பல்லாண்டுப் பயிற்சி கேட்பது. நம் மூன்றாண்டுப் படிப்புக்குள் அடங்காது.

2024 சனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. நம் கல்லூரித் திடலோ மாலை நான்கு மணிக்குமேல் சும்மா கிடக்கிறது. முதல்வர் அவர்கள் வாரம் இரு நாள், ஒரு மணி நேரம் அனுமதித்தால் போதும். பெரியவரைக் கேட்டுவிட்டேன், பேருந்துக் கட்டணம் கொடுத்தால் வருகிறேன் என்கிறார்.