புதியவருக்கு ஊக்கத்தொகை, மூத்தவருக்கு என்ன? சிறைக் காவலர் ஊதியத்தில் எழும் நியாயக் கேள்வி

சிறைகளில் ஆள் பற்றாக்குறை முற்றும்போது அரசுகள் முதலில் நாடும் வழி பணம். புதிதாகச் சேருவோருக்குச் சேர்க்கைத் தொகை, குறிப்பிட்ட காலம் பணியில் நீடித்தால் தக்கவைப்பு ஊக்கத்தொகை என அறிவிப்புகள் வெளியாகின்றன. ஆனால், அதே சிறையில் 15 அல்லது 20 ஆண்டுகளாகப் பணியாற்றும் காவலருக்கு அந்த அறிவிப்புகளில் பெரும்பாலும் இடமிருப்பதில்லை. புதியவருக்குப் பணியைக் கற்றுத் தருபவரே அவரைவிடக் குறைவான சலுகை பெறும் நிலை இதனால் உருவாகிறது. பிரிட்டனும் அமெரிக்காவும் கடந்த பத்தாண்டுகளில் இச்சிக்கலை வெவ்வேறு வடிவங்களில் சந்தித்துள்ளன. சிறைப் பணியிடங்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு காலியாக உள்ள இந்தியாவுக்கும் அவற்றின் அனுபவம் பொருந்தக்கூடியது.

பிரிட்டனின் அனுபவம்

இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் 2010-க்கும் 2014-க்கும் இடையே சிக்கன நடவடிக்கையாகக் காவலர் எண்ணிக்கை நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்கப்பட்டது. 2012-இல் புதிய ஊதியக் கட்டமைப்பு கொண்டுவரப்பட்டது. அதன்படி புதிதாகச் சேர்ந்தவர்கள் குறைந்த ஊதிய விகிதத்தில் அமர்த்தப்பட்டனர். பழைய ஊழியர்கள் விரும்பினால் பழைய விகிதத்திலேயே தொடரலாம் என்று அனுமதிக்கப்பட்டது. ஒரே வேலையைச் செய்யும் இருவருக்கு, சேர்ந்த நாளைப் பொறுத்து இருவேறு ஊதியம் என்ற நிலை அப்போதே தொடங்கிவிட்டது. மறுபுறம், 2013-இல் செயல்படுத்தப்பட்ட விருப்ப ஓய்வுத் திட்டத்தின் கீழ் அனுபவமிக்க காவலர்கள் பலர் பணப்பயன் பெற்று வெளியேறினர்.

அதன் விளைவு விரைவில் தெரிந்தது. 2016 நவம்பரில் பெட்ஃபோர்டு சிறையிலும், டிசம்பரில் பர்மிங்ஹாம் சிறையிலும் கலவரம் வெடித்தது. அந்த நவம்பரில் பாதுகாப்பின்மையைக் காரணம் காட்டிச் சிறை அலுவலர்கள் சங்கத்தினர் ஆயிரக்கணக்கில் பணியைப் புறக்கணித்தனர். உயர் நீதிமன்றத் தடையாணைக்குப் பின்னரே திரும்பினர். அதே மாதத்தில், அப்போதைய நீதித்துறை அமைச்சர் லிஸ் டிரஸ் 2,500 காவலர்களைக் கூடுதலாக நியமிப்பதாக வெள்ளை அறிக்கையில் அறிவித்தார்.

தொடர்ந்து 2017 பிப்ரவரியில், ஆள் கிடைக்காமல் தவித்த லண்டன் மற்றும் தென்கிழக்கு இங்கிலாந்தைச் சேர்ந்த 31 சிறைகளின் காவலர்களுக்கு ஆண்டுக்கு 5,000 பவுண்டு வரை கூடுதல் தொகை அறிவிக்கப்பட்டது. 2,500 பேர் என்ற இலக்கு 2018-இல் குறித்த காலத்துக்கு முன்பே எட்டப்பட்டது. எண்ணிக்கை அளவில் அது வெற்றியே. ஆனால், சேர்ந்தவர்கள் நிலைக்கவில்லை. பின்வந்த ஆண்டுகளில் பணியைவிட்டு விலகிய காவலர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் மூன்றாண்டு அனுபவத்தைக்கூட நிறைவு செய்யாதவர்கள் என்பதை அரசின் புள்ளிவிவரங்களே காட்டின. அனுபவசாலிகளுக்குப் பணம் கொடுத்து வெளியேற்றிய அரசு, சில ஆண்டுகளிலேயே அனுபவமற்றவர்களுக்குப் பணம் கொடுத்து உள்ளே அழைத்தது, அவர்களும் தங்கவில்லை.

இடைப்பட்ட காலத்தில், குறைந்த விகிதத்தில் இருந்த காவலர்களின் அடிப்படை ஊதியத்தையே உயர்த்தும் வாய்ப்பு ஒன்று வந்தது. சிறைப் பணியாளர் ஊதிய மறுஆய்வுக் குழு 2020-இல் அவர்களுக்கு 3,000 பவுண்டு உயர்வைப் பரிந்துரைத்தது. அரசு அதனை ஏற்க மறுத்தது. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வேலைநிறுத்தம் தடை செய்யப்பட்ட ஊழியர்களுக்கு, அதற்கு மாற்றாக அமைந்த ஒரே வழி அந்தக் குழுதான். எனவே, பரிந்துரை நிராகரிக்கப்பட்டது பணத்தைவிடப் பெரிய ஏமாற்றமாகச் சங்கத்தினரால் பார்க்கப்பட்டது.

அமெரிக்காவின் அனுபவம்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் காலியிடங்கள் அதிகமுள்ள சிறைகளில் புதிதாகச் சேருவோருக்கு 5,000 டாலர் வரை சேர்க்கைத் தொகை வழங்கியது. ஆயினும், 2022-இல் சிறைகளை நடத்தத் தேசியக் காவல் படையினர் சுமார் 300 பேரை அழைக்க வேண்டிய கட்டாயம் அந்த மாநிலத்துக்கு ஏற்பட்டது.

கூட்டாட்சிச் சிறைத் துறை வேறு பாதையைத் தேர்ந்தது. ஆள் கிடைக்காத சிறைகளில் அனைத்து ஊழியர்களுக்கும் அடிப்படை ஊதியத்தில் 25 விழுக்காடு வரை தக்கவைப்புத் தொகை அளிக்கப்பட்டது. புதியவர், மூத்தவர் என்ற பாகுபாடு இதில் இல்லை. ஆனால், நிரந்தரமின்மை என்ற மற்றொரு குறை இருந்தது. இல்லினாய் மாநிலத்தின் தாம்சன் சிறையில் இத்தொகை 2023 இறுதியுடன் நிறுத்தப்பட்டது. 2025 மார்ச்சில் நாடு முழுவதும் உள்ள கூட்டாட்சிச் சிறைகளில் இத்தகைய தொகைகள் குறைக்கப்பட்டன. மாதா மாதம் வந்த தொகையை நம்பி வீட்டுக் கடனும் குடும்பச் செலவும் திட்டமிட்டவர்களுக்கு அது ஊதிய வெட்டாகவே அமைந்தது.

பற்றாக்குறையின் சுமை யார் மீது விழுகிறது என்பதை நியூயார்க் காட்டியது. அங்கு 2025 பிப்ரவரியில், 24 மணி நேரம் வரை நீண்ட கட்டாயக் கூடுதல் பணி உள்ளிட்ட காரணங்களுக்காகக் காவலர்கள் சங்கத்தின் அனுமதியின்றியே வேலைநிறுத்தத்தில் இறங்கினர். மூன்று வாரங்கள் நீடித்த அப்போராட்டத்தின் முடிவில் 2,000-க்கும் மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டனர்.

இரு தரப்பு வாதங்கள்

புதியவர்களுக்கு மட்டும் ஊக்கத்தொகை வழங்குவதை ஆதரிப்போரின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதல்ல. பணியில் சேர்ந்த முதல் ஈராண்டுகளில்தான் விலகல் மிகுதி. மூத்தவர்களுக்கு ஓய்வூதிய உரிமை சேர்ந்திருப்பதால் அவர்கள் எளிதில் வெளியேறுவதில்லை. எப்படியும் தங்கப் போகிறவருக்குத் தொகை வழங்குவது வரிப்பணத்தை வீணடிப்பதாகும் என்பதே கருவூலத்தின் கணக்கு. ஊழியர் அனைவருக்கும் வழங்கினால் செலவு பல மடங்காகும் என்பதும் உண்மையே.

ஆனால், அந்தக் கணக்கில் மூன்று செலவுகள் விடுபடுகின்றன. முதலாவது, பயிற்சி. சில வார வகுப்புக்குப் பின் வரும் புதியவர், கைதிகளிடையே பதற்றம் உருவாவதை முன்கூட்டியே உணர்வது, குரலை உயர்த்தாமல் மோதலைத் தணிப்பது போன்றவற்றை மூத்தவரின் அருகில் நின்றே கற்கிறார். இந்தக் கற்பித்தலுக்குப் பல இடங்களில் தனி ஊதியம் இல்லை. இரண்டாவது, கூடுதல் பணி. புதியவர் விலகும்போதெல்லாம் அந்த நேரப் பணியை ஏற்பவர் ஏற்கெனவே இருப்பவரே. மூன்றாவது, மனநிலை. தங்குவதற்கு மதிப்பில்லை, சேருவதற்கே மதிப்பு என்ற செய்தி ஊழியரிடையே பரவினால், ஓய்வுக்கு இன்னும் சில ஆண்டுகள் இருப்பவரும் முன்கூட்டியே வெளியேறும் வழியைத் தேடுவார்.

இவை தவிர, காலக்கெடு என்ற சிக்கலும் உள்ளது. ஈராண்டு முடிவில் தொகை தரப்பட்டால், அதைப் பெற்ற மறுமாதம் விலகுவதற்குத் தடையேதும் இல்லை. விலகலை அத்தொகை தள்ளிப்போடுமே தவிர, தடுக்கும் என்று உறுதி கூற இயலாது.

இந்தியாவுக்கான பாடம்

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி சிறைகள் மாநிலப் பட்டியலில் இடம்பெறுகின்றன. எனவே, காவலர் ஊதியம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரப்படி நாட்டின் சிறைகளில் 5.73 லட்சம் பேர் அடைக்கப்பட்டிருந்தனர், கொள்ளளவோ 4.36 லட்சம் மட்டுமே. அதாவது, 100 பேருக்கான இடத்தில் 131 பேர்.

இந்தியாவில் பிரச்சினையின் வடிவம் சற்றே வேறு. அரசுப் பணி என்பதால் விண்ணப்பதாரர்களுக்குப் பஞ்சமில்லை. ஆள் தேர்வு தாமதமாவதே காலியிடங்களுக்கு முக்கியக் காரணம். எனினும், ஊதிய நியாயம் குறித்த மனக்குறை இங்கும் உண்டு. காவல் துறையினருக்கு இணையான ஊதியம் கோரி ராஜஸ்தான் சிறைக் காவலர்கள் 2023 ஜனவரியில் உணவுக்கூடப் புறக்கணிப்பில் ஈடுபட்டனர்.

அதேவேளை, பிரிட்டன் தேடும் விடையின் இரு கூறுகள் இந்திய அரசுப் பணி விதிகளிலேயே உள்ளன. ஊதிய நிர்ணயத்தின்போது இளையவரின் ஊதியம் மூத்தவரைவிட உயர்ந்துவிட்டால், உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு மூத்தவரின் ஊதியத்தையும் அதே அளவுக்கு உயர்த்தும் நடைமுறை மத்திய அரசுப் பணியில் நெடுங்காலமாக உள்ளது. ஆனால், படிகளுக்கும் ஒருமுறை ஊக்கத்தொகைகளுக்கும் இது பொருந்தாது. இரண்டாவது, இடர் மற்றும் கடினப் பணிப் படி. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் சியாச்சின் பனிமலையில் பணியாற்றும் வீரர்களுக்கு மாதம் 30,000 ரூபாயும், அதிகாரிகளுக்கு 42,500 ரூபாயும் நிர்ணயிக்கப்பட்டன. இங்கு தொகையை முடிவு செய்வது பணியிடத்தின் கடினமும் ஊதிய நிலையுமே. சேர்ந்த தேதி அல்ல. அங்கு நேற்று சென்ற வீரரும், பத்தாண்டு அனுபவம் உள்ள வீரரும் அதே படியைப் பெறுகின்றனர்.

இந்த இரு கூறுகளையும் இணைத்தால் சிறைத் துறைக்கு ஒரு நடைமுறைத் திட்டம் கிடைக்கும். ஆள் பற்றாக்குறை உள்ள சிறையில் படி வழங்கினால் அங்குள்ள அனைவருக்கும் வழங்குவது; புதியவருக்குத் தொகை தேவையெனில் அதை ஒரே தவணையாக அன்றிப் பணிக்கால அளவில் படிப்படியாகப் பிரித்து, 5, 10, 15 ஆண்டு நிறைவுகளுக்கும் அதே வரிசையில் தொகை வைப்பது; புதியவருக்கு வழிகாட்டும் மூத்தவருக்குத் தனிப் படி அளிப்பது; காலப்போக்கில் இவற்றை அடிப்படை ஊதியத்துடன் இணைப்பது. கடைசி அம்சம் முக்கியமானது. ஏனெனில், தாம்சனில் நிகழ்ந்ததுபோல், அடிப்படை ஊதியத்தில் சேராத எந்தத் தொகையும் அடுத்த நிதிநிலை அறிக்கையில் மறையக்கூடும்.

இதற்குக் கூடுதல் நிதி தேவை. ஆனால், அதை ஒவ்வோர் ஆண்டும் புதியவர்களைத் தேர்வு செய்து, பயிற்சி அளித்து, இழந்து, மீண்டும் தேர்வு செய்யும் செலவுடன் ஒப்பிட்டே மாநில அரசுகள் முடிவெடுக்க வேண்டும். புதியவருக்குக் கிடைக்கும் தொகையைப் போலவே, 20 ஆண்டு பணியாற்றியவர் எவ்வாறு நடத்தப்படுகிறார் என்பதையும் அவர் கவனிக்கிறார். தமது எதிர்காலம் அங்கே எப்படி இருக்கும் என்பதை அதை வைத்தே அவர் கணிக்கிறார்.