சப்பாத்துக்கும் சைவம் உண்டா?

ஒரு சிறிய சோதனை. இப்போது உங்கள் காலில் இருக்கும் சப்பாத்தைக் கழற்றிப் பாருங்கள். விரிவுரை மண்டபத்தில் இருந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கழற்றுங்கள். எந்த நாட்டில் செய்தது என்று உள்பக்கத்தில் அச்சடித்திருக்கும். செய்தவர் யார், அவருக்கு என்ன சம்பளம், அடிப்பாகம் ரப்பரா பிளாஸ்டிக்கா என்பதெல்லாம் பெரும்பாலும் இருக்காது. விலை மட்டும் நமக்கு நன்றாக நினைவிருக்கும்.

நானும் அப்படித்தான் இருந்தேன். முதலாம் ஆண்டில் சுற்றுச்சூழல் பாடம் ஒன்று எடுத்த பிறகுதான் ஞானம் பிறந்தது. பகுதி நேர டியூசன் வகுப்பில் கிடைத்த பணத்தைச் சேர்த்து, 189 ரிங்கிட்டுக்கு ஒரு சப்பாத்து வாங்கினேன். மிருகத் தோல் கிடையாது, பூமிக்குத் தீங்கு இல்லை என்று பெட்டியின் மேலே பச்சை எழுத்தில் போட்டிருந்தது. விடுமுறையில் நீலாய்க்குக் கொண்டுபோய்ப் பாட்டியிடம் பெருமையாகக் காட்டினேன். “இதுல மாட்டுத்தோல் இல்ல பாட்டி” என்றேன். பாட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, சப்பாத்துல கூடவா சைவம், அசைவம்?” என்று கேட்டார். வீடே சிரித்தது.

பதினொரு மாதம் கழித்து, பயிற்சிப் பணிக்கான நேர்முகத் தேர்வுக்குப் போகும் வழியில் அந்தச் சைவச் சப்பாத்தின் அடிப்பாகம் ரொட்டித் துண்டு மாதிரி உதிர்ந்தது. பாதி அடி கோமுட்டர் நிலையப் படிக்கட்டில் கிடந்தது, மீதி என் காலில். நேர்முகத் தேர்வில் காலை நாற்காலிக்கு அடியில் மறைத்துக்கொண்டே பதில் சொன்னேன். (வேலை கிடைக்கவில்லை. அதற்குச் சப்பாத்து மட்டும் காரணமில்லை.)

பிறகு விசாரித்ததில் ஒன்று புரிந்தது. பாலியூரித்தேன் என்னும் நெகிழிப் பொருள் ஈரக்காற்றில் மெல்ல மெல்லச் சிதைகிறது. அணியாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் சிதையும். குளிர்நாட்டில் பல ஆண்டுகள் தாங்குவது நம் ஊர்ப் புழுக்கத்தில் அவ்வளவு காலம் தாங்குவதில்லை. தோலுக்குப் பதிலாகப் பயன்படும் செயற்கைத் தோல்களில் பல, இந்தப் பாலியூரித்தேன் அல்லது பிவிசி பூசிய துணிதான். இரண்டுமே பெட்ரோலியத்திலிருந்து வருபவை. மாட்டைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் பதினொரு மாதத்தில் குப்பைக்குப் போகும் பிளாஸ்டிக்கைப் பூமிக்குச் செய்த நன்மை என்று எந்தக் கணக்கில் எழுதுவது?

இனி என் பாட்டியின் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்று நீலாய் என்றால் பல்கலைக்கழகங்கள், தொழிற்சாலைகள், நீலாய் 3இன் கம்பளக் கடைகள், பக்கத்திலேயே 1998இல் திறந்த அனைத்துலக விமான நிலையம் என்றுதான் வெளியூர் நண்பர்கள் நினைக்கிறார்கள். பாட்டிக்கு நீலாய் என்றால் பால்மரக்காடு. விடிவதற்கு முன்பே பெரட்டுக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்குவார். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும் என்பதால் அந்த அவசரம். ஒரு நாளைக்கு ஐந்நூறு மரம் போல வெட்ட வேண்டும். அட்டை, முள், பாம்பு, மழையில் வழுக்கும் சரிவு, இத்தனைக்கும் நடுவில் பல ஆண்டுகள் வெறுங்காலோடுதான் நடந்திருக்கிறார். உலகத்தின் சப்பாத்துகளுக்கு அடிப்பாகம் கொடுத்தவரின் காலில் சப்பாத்து இல்லை. அவருடைய குதிகாலில் இன்றும் இருக்கும் பித்தவெடிப்பில் ஐம்பது காசு நாணயத்தைச் செருகி வைக்கலாம் என்று அவரே கிண்டலாகச் சொல்வார்.

இந்த மரம் நம் மண்ணின் மரம் அன்று. 1876இல் அமேசான் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை ஹென்றி விக்கம் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவற்றில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தச் சில கன்றுகளுக்குப் பின்னால்தான் நம் முன்னோர் கப்பல் ஏறினார்கள். நூறு ஆண்டுகளில் மலேசியா உலகிலேயே அதிக ரப்பர் விளைவிக்கும் நாடானது. 1988இல் உற்பத்தி 16 இலட்சம் டன்னைத் தாண்டியது. இன்று 4 இலட்சம் டன்கூட இல்லை. நாம் விளைவிப்பதைவிட இறக்குமதி செய்யும் ரப்பரே அதிகம். எங்கள் தோட்டத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயம் இருந்த இடத்தில் இன்று ஓர் எண்ணெய் நிலையம்.

பிற்காலத்தில் பாட்டியின் காலுக்கும் ஒன்று கிடைத்தது. கறுப்பு நிறத்தில், முழுக்க ரப்பரிலேயே ஒரே வார்ப்பாக வரும் சப்பாத்து. அடியில் முள் மாதிரி புடைப்புகள் இருக்கும். மலாய்க்காரர்கள் வேடிக்கையாக ‘அடிடாஸ் கம்போங்’ என்பார்கள். அந்த ஜெர்மன் நிறுவனத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தையல் கிடையாது, பசை கிடையாது, எனவே பிய்வதற்கும் ஒன்றுமில்லை. சேற்றில் இறங்கினால் கழுவிக் கவிழ்த்து வைத்தால் போதும். பத்து ரிங்கிட்டுக்குச் சற்று முன்பின்னாகச் சந்தையில் கிடைக்கும். இன்று மலையேறுபவர்களும் காட்டு ஓட்டப் பந்தயக்காரர்களும் அதைத் தேடி வாங்குகிறார்கள். நானூறு ரிங்கிட் சப்பாத்து வழுக்குகிற பாறையில் இது வழுக்காதாம். எங்கள் கொல்லைப்புறத்தில் பாட்டியின் பழைய ஜோடி இன்னும் கிடக்கிறது. அதன் மேல் பால் சொட்டிக் காய்ந்த தடம்கூட இருக்கிறது. வயது எனக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நிலைத்தன்மை என்ற சொல்லை நான் விரிவுரையில் கற்றுக்கொண்டேன். அது எங்கள் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் கிடந்திருக்கிறது!

அப்படியானால் ரப்பர் நல்லது, தோல் கெட்டது என்று முடித்துவிடலாமா? அவ்வளவு எளிதில்லை. தமிழ்நாட்டில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பகுதிகளில் செய்யும் தோல் பொருள்கள் உலகெங்கும் போகின்றன. அங்கே தோல் பதனிட குரோமிய உப்பைப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சட்டம் படிக்கும் நண்பர்களுக்கு அந்தத் தீர்ப்பு பாடமாகவே வரும். தீர்ப்பு வந்தும் ஆறு மீளவில்லை. 2015 சனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். 2025 சனவரியில் அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. ஆம்பூர்ப் பக்கத்து வீடுகளில் சப்பாத்தின் மேல்தோலைக் கையால் தைக்கும் பெண்களுக்கு ஒரு ஜோடிக்குச் சில ரூபாய்தான் கூலி. நாம் பேரங்காடியில் “உண்மையான தோல்” என்று தடவிப் பார்க்கும்போது இவர்கள் யாரும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

தமிழர்கள் காலணி அறம் பேசும்போது இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. யார் செருப்பு அணியலாம் என்பதையே சாதி முடிவு செய்த சமுதாயம் நம்முடையது. திருப்பூர் மாவட்டத்தின் இராசாவூர் கிராமத்தில், காலங்காலமாகத் தங்களுக்குத் தடை இருந்த ஒரு தெருவில் தலித் மக்கள் சுமார் 60 பேர் செருப்பு அணிந்து நடந்தார்கள். இது 2023 டிசம்பரில் நடந்தது. பழைய காலத்துக் கதை என்று தள்ளிவிட முடியாது. தோலைத் தொட்டு வேலை செய்தவரை ஒதுக்கி வைத்துவிட்டு, அவர் செய்ததைக் காலில் மாட்டிக்கொண்டு போனவர்கள் நம் முன்னோர். கப்பலில் இங்கே வந்தபோது அந்த எண்ணத்தையும் மூட்டையில் கட்டிக்கொண்டுதான் வந்தோம். “செருப்பால அடிப்பேன்” என்பது இன்னும் நம் வாயில் வரும் பெரிய வசை. அந்த வசை எங்கிருந்து வந்தது என்று யோசித்த பிறகு நான் அதைச் சொல்வதை விட்டுவிட்டேன்.

மேல்நாட்டில் இந்த விழிப்புணர்வுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1990களில் ஆசியத் தொழிற்சாலைகளின் நிலைமை வெளியே வந்து, மாணவர்கள் வளாகத்துக்கு வளாகம் போராடிய பிறகுதான் நைக்கி நிறுவனம் 2005இல் தன் தொழிற்சாலைகளின் பட்டியலை வெளியிட்டது. போராடியவர்கள் நம்மைப் போன்ற இளங்கலை மாணவர்கள் என்பதைக் கவனியுங்கள். பிரான்சின் வேஜா நிறுவனம் அமேசானின் ஆக்ரி மாநிலத்தில் காட்டு மரங்களிலிருந்து பால் எடுப்பவர்களிடம் ரப்பர் வாங்கிச் சப்பாத்து செய்கிறது. காட்டைக் காக்கப் போராடிய பால்வெட்டுத் தொழிலாளி சீக்கோ மென்டிஸ் 1988இல் சுட்டுக் கொல்லப்பட்டது அதே மாநிலத்தில்தான். நம் மரத்தின் தாய்வீடும் அமேசான்தான். படிக்கும்போது எனக்கு உடல் சிலிர்த்தது. பிறகு விலையைப் பார்த்தேன். நூறு யூரோவுக்கு மேல்! மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவரிடம் இதை வாங்கு, அதுதான் அறம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். அறம் அந்தக் கடையோடு முடிந்துவிடுகிறது என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

இப்போது நம் வீட்டுக்கே வருகிறேன். நம் மொழிக் கழகம் ஆண்டுதோறும் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குப் பள்ளிச் சப்பாத்து வழங்குகிறது. நல்ல தொண்டு. நானே தமிழ்ப்பள்ளியில் படித்தபோது அப்படி ஓர் அமைப்பு கொடுத்த வெள்ளைச் சப்பாத்தை, ஞாயிறு மாலை வெள்ளை பூசி வாசலில் காய வைத்தவள். 2019இல் நான் இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவம் படித்தபோது கறுப்புக்கு மாறத் தொடங்கினார்கள், 2021இல் கறுப்பு கட்டாயமானது. அம்மாவுக்கு வெள்ளை பூசும் வேலை மிச்சம்.

சென்ற ஆண்டு 1,500 ரிங்கிட்டில் 75 ஜோடி வாங்கினோம். ஜோடி 20 ரிங்கிட், பிவிசி அடிப்பாகம், பசையால் ஒட்டியது. அளவு கேட்கவில்லை. வயதைப் பார்த்து உத்தேசமாக வாங்கினோம். கொடுத்தோம், படம் எடுத்துக்கொண்டோம். நான்கு மாதம் கழித்து வாசிப்பு முகாமுக்காக அதே பள்ளிக்குப் போனேன். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் செலிப்பர் போட்டிருந்தார்கள். ஒரு சிறுமி குதிகாலை மிதித்து மடக்கிச் சப்பாத்தைச் செலிப்பர் மாதிரியே இழுத்துக்கொண்டு நடந்தாள். சிறியதாக இருக்கிறது என்று ஆசிரியரிடம் சொல்ல அவளுக்குக் கூச்சம். “கொடுத்தவங்க வருத்தப்படுவாங்கக்கா” என்றாள்.

ரப்பர் அடிப்பாகத்தைச் சூட்டில் வேகவைத்துத் துணியோடு இணைத்த சப்பாத்து இதைவிட நெடுநாள் உழைக்கும். விலை 40 ரிங்கிட் ஆகும். நம் பொருளாளர் நண்பரிடம் சொன்னபோது அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இல்லை: “சரி, 37 பேருக்கு வாங்கலாம். மீதி 38 பிள்ளைங்ககிட்ட உங்களுக்கு இல்லன்னு நீ போய்ச் சொல்றியா?” அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்புவது என்னவென்று எனக்கும் தெரியும். ஆனால் நான்கு மாதத்தில் பிய்வதை 75 பேருக்குக் கொடுப்பதும், பாதி ஆண்டுக்குப் பிறகு அதே 75 பேரிடம் இல்லை என்று சொல்வதுதான். அதைச் சொல்ல நாம் அங்கே இருப்பதில்லை, அவ்வளவே.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே தடவையில் கொடுக்காமல், முதலில் யார் காலில் நல்ல சப்பாத்து இல்லை என்று ஆசிரியரிடம் கேட்போம். எல்லாருக்கும் தேவைப்படாது. கால் அளவு எடுப்போம். முன்னாள் மாணவர்கள் ஆண்டு விருந்தில் ஒரு மேசைக்குக் கொடுக்கும் தொகையில் பத்து நல்ல ஜோடி வாங்கலாம். கொஞ்சம் பணத்தைப் பழுது பார்ப்பதற்கென்று ஒதுக்குவோம். சிரம்பானில் கடைவரிசை நடைபாதையில் உட்கார்ந்திருக்கும் சீனப் பெரியவர் ஒருவர்தான் என் சைவச் சப்பாத்துக்கு 25 ரிங்கிட்டில் புது ரப்பர் அடிப்பாகம் போட்டு, சுற்றிலும் நூல் கொண்டு தைத்துக் கொடுத்தார். பசையை நம்பாதே என்று மலாயில் இரண்டு முறை சொன்னார். அதைத்தான் இப்போதும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த மாதம் செயற்குழு கூடுகிறது. பொருளாளர் கணக்குப் புத்தகத்தோடு வருவார். நான் ஓர் அளவு நாடாவும், அந்தச் சிறுமியிடம் கேட்டு வாங்கிய குதிகால் மடங்கிய சப்பாத்தும் கொண்டுபோகிறேன். அவளுக்கு வேறு வாங்கிக் கொடுத்தாகிவிட்டது. அளவு மூன்று.