முதலெண்ணின் வலிமை

மேனாட்டு நடன இசையில் ஃபங்க் என்றொரு வகை உண்டு. கேட்ட மாத்திரத்தில் கால் தானாகவே தாளமிடும். சத்தம் மிகுதியாதலாற்றான் அப்படி என்பர் சிலர். அன்று, நேயர்களே!

அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிறவுண் 1960களின் நடுப்பகுதியிலிருந்து, நான்கெண்ணித் தாளத்தின் முதலெண்ணிலேயே தமது குழுவினரை அழுத்தங் கொடுக்கச் செய்தார். அதற்கு முந்திய பாட்டுக்களில் இரண்டாம், நான்காம் எண்களே ஓங்கி ஒலித்தன. முதலெண்ணில் யாவரும் ஒன்றுகூடுவர். பின்னர் பேஸ் கிற்றார் சற்றே ஒதுங்கும். அவ்விடைவெளியை வேறொரு கருவி நிரப்பும். எல்லாரும் ஓயாது வாசித்தால் அது ஃபங்க் ஆகாது. வாசியாது விடுதலே அங்கு பெரிய வித்தை!

அக்குழுவின் றம் வாத்தியக்காரருள் ஒருவர் கிளைட் ஸ்ரபிள்பீல்ட். சங்கீதத்தை முறையாகப் பயின்றவரல்லர். சட்டனூகா நகரின் தொழிற்சாலைகளும் புகைவண்டிகளும் எழுப்பிய ஓசையே அவருக்குக் குரு. ஓங்கிய அடிகளுக்கிடையே, காதில் விழுந்தும் விழாததுமான மெல்லடிகளை இட்டுக்கொண்டேயிருப்பார். அம்மெல்லடிகளை நீக்கிவிட்டால் எஞ்சுவது வெறும் எண்ணிக்கைதான்.

1969இல் பதிவான 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் அவர் தனித்து வாசித்தது சில விநாடிகளே. 1980கள் தொட்டு ஹிப்ஹொப் கலைஞர்கள் அதைப் பிரதிசெய்து நூற்றுக்கணக்கான பாட்டுக்களிற் சேர்த்தனர். ஆயினும், பாட்டை ஆக்கியவராகப் பதிவாகியிருந்தவர் பிறவுணே. 2017இல் மறையும்வரை, அத்தாளத்தால் ஸ்ரபிள்பீல்ட் பெற்ற ஊதியம் மிகச் சொற்பம்.