ஆண்பிள்ளைகளை விடுவிக்கும் பிரகடனம்

அதிகாரத்தை வீரம் என்றும் அச்சத்தை மரியாதை என்றும் கற்பித்த காலம் முடிந்துவிட்டது. அதற்கு நாங்கள் தீர்ப்பு எழுத வரவில்லை. அதன் பின் வரவேண்டிய வாழ்வை வகுக்க வந்திருக்கிறோம். தமிழ்நாட்டின் மகன்களாக, தந்தையராக, அண்ணன் தம்பிகளாக, ஆசிரியர்களாக இதை அறிவிக்கிறோம்.

பழைய பாடத்துக்குப் புத்தகம் கிடையாது. அதைக் கற்பிக்காத வீடும் கிடையாது. முழங்காலில் அடிபட்ட மூன்று வயதுப் பிள்ளையிடம் "ஆம்பளப் புள்ள அழலாமா?" என்று கேட்கிறோம். அக்கா எல்லார் தட்டையும் கழுவுகிறாள். தம்பி தன் கையை மட்டும் கழுவிக்கொண்டு எழுந்து போகிறான். வகுப்பில் சேட்டை செய்தவனைப் பெண்பிள்ளைகள் நடுவே உட்கார வைப்பதை ஒரு தண்டனையாகவே வைத்திருக்கிறோம். மானுடத்தின் சரிபாதிக்கு அருகில் இருப்பதே இழிவு என்று பத்து வயதுக்காரனுக்குப் பள்ளியே சொல்லித்தரும் கொடுமை அது. மாதவிடாயைப் பற்றிப் பேச்சு வந்தால் பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிடுகிறோம். அறியாமைக்கு அங்கே ஒழுக்கம் என்று பெயர். பிறகு அவன் பெண்ணை அறிவது திரையரங்கில்: துரத்தினால் காதல், மறுத்தால் திமிர், அடக்கினால் வெற்றி.

இந்தப் பாடத்தின் மறுபக்கம் சாதி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவன் தன் வீட்டுக்குள்ளேயே அரிவாளால் வெட்டப்பட்டான்; தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் அவனோடு பள்ளியில் படித்த பையன்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளையும் மோதிரங்களையும் பள்ளிகளில் தடைசெய்யப் பரிந்துரைத்து 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. அந்தத் தடையை நாங்கள் முழுமனதோடு ஏற்கிறோம். ஆனால் கயிறு மணிக்கட்டில் ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே மனத்தில் ஏறிவிடுகிறது. தங்கையின் கைபேசியைச் சோதிக்கும் உரிமையும், அவள் யாரோடு பேசலாம் என்று விதிக்கும் உரிமையும் "குடும்ப மானம்" என்ற பெயரில் பதினைந்து வயது அண்ணனிடம் ஒப்படைக்கப்படும் வீட்டில்தான் அரிவாளுக்கும் கை பழகுகிறது. சாதிப் பெருமையும் ஆண் பெருமையும் ஒரே வேரில் நிற்பவை. ஒன்றை விட்டுவைத்து மற்றொன்றை அகற்ற முடியும் என்று நாங்கள் நம்பவில்லை.

எங்கள் மரபு நேற்று தொடங்கியதன்று. பெண் விடுதலைக்கு ஆண்மை அழிய வேண்டும் என்று 1928-இல் 'குடி அரசு' இதழில் பெரியார் எழுதினார். 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை கேட்டது. அது தமிழ்நாட்டில் 1989-இல்தான் சட்டமாயிற்று. சொத்தில் பங்கு வந்தது. அடுப்படியில் பங்கு வரவில்லை. 2019-இல் நடந்த இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் உழைத்தார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்கள். ஈடுபட்ட ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தாம். கல்யாணப் பந்திக்கு ஆயிரம் பேருக்குச் சமைப்பவர் ஆண். துபாய்த் தொழிலாளர் முகாமில் தனக்குத் தானே பொங்கித் தின்பவரும் ஆண். ஊதியமோ தேவையோ இருந்தால் வருகிற கைத்திறன், சொந்த வீட்டு வாசலை மிதித்ததும் மானப் பிரச்சினை ஆகிவிடுகிறது. குடும்பக் கட்டுப்பாட்டிலும் இதே கதைதான்: ஐந்தாம் தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவையை நம்பியிருப்போர் 0.1 விழுக்காடு. இந்த விழுக்காடுகளை இயற்கை எழுதவில்லை, பயிற்சி எழுதியது. பயிற்சியால் வந்ததைப் பயிற்சியால் மாற்றுவோம்.

ஆகவே சமத்துவத்தைச் சலுகையாக அன்றி நீதியாகக் கொள்கிறோம். மென்மையைக் குறைபாடாக அன்றி ஆற்றலாகப் போற்றுகிறோம். பெண்ணின் மறுப்பை முழு விடையாக ஏற்கும் பக்குவத்தைப் பத்து வயதிலேயே பழக்குவோம். எல்லாப் பிள்ளைகளும் ஒரே அறையில் அமர்ந்து உடலைப் பற்றிப் படிக்கும் வகுப்பைக் கோருவோம். சோறு வடிப்பதும் துணி துவைப்பதும் தாயைப் பேணுவதும் மகனின் கல்வி. தோல்வியைச் சொல்லும் துணிவும் தோழனைத் தேற்றும் சொல்லும் அவனுக்கு உரிய செல்வம்.

பெண்ணின் "காவலன்" என்ற பட்டத்தை மறுக்கிறோம். நல்ல ஆண் என்றால் பெண்ணைக் காப்பவன் என்று மேடைதோறும் சொல்லப்படுகிறது. அது பழைய ஆட்சியின் கனிந்த குரலே. காவல் இருக்கும் இடத்தில் பூட்டும் இருக்கிறது. பெண் கேட்பது அச்சமின்றி நடக்கும் தெருவை.

ஆணின் துயரைப் பெண்ணுக்கு எதிரான ஆயுதமாக்கும் அரசியலையும் மறுக்கிறோம். 2022-இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த 1,70,924 பேரில் ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் ஆண்கள். கடனும் நோயும் குடும்பச் சிக்கலும் அவர்களை நெருக்கின. வாய்விட்டுச் சொல்வது அவமானம் என்ற பயிற்சி வழியை அடைத்தது. அந்த மரணங்களுக்காக நாங்கள் துக்கம் காக்கிறோம். அவற்றுக்குப் பெண்ணுரிமைச் சட்டங்களைப் பழிப்பவர்கள் இறந்தவர்களுக்கும் துரோகம் செய்கிறார்கள், உயிரோடு இருப்பவர்களுக்கும்.

எங்கள் இயக்கத்தில் சேரக் கட்டணம் இல்லை, நிபந்தனை உண்டு. சாதிக் கயிற்றோடு வருபவருக்கும் வீட்டில் கை ஓங்குபவருக்கும் இங்கே இடமில்லை. எங்களைத் திருத்தும் சுமையைப் பெண்கள் தலையில் ஏற்ற மாட்டோம். அவர்கள் அதை நெடுங்காலம் சுமந்துவிட்டார்கள். எங்கள் நடத்தைக்குக் கணக்குக் கேட்கும் உரிமை மட்டும் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு எப்போதும் உண்டு. அவர்கள் கேட்கும்போது எழுந்து நின்று விடை சொல்வதற்கு நாங்கள் கடமைப்பட்டவர்கள்.